தியாகலிங்கம் ஒரு தாதியை விசாரித்தார்

1998ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிய மறுநாள், திங்கட்கிழமை, மாலை ஆறு மணி. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், மல்வேர்னில், அந்நேரத்துக்கே கன்னங்கரேலென்று இருட்டிவிட்டது. தியாகலிங்கம் புட்டில் கையை வைத்தார். ஒரு வாய் உண்டார். கையை எடுத்தார்.

“உப்பில்லை.”

“குறைச்சிருக்கிறன்,” என்றாள் அவருடைய மனைவி பாலேஸ்வரி.

“ஏன்?”

“அவர் சொன்னவர்.”

தியாகலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் அந்த வீட்டில் ‘அவர்’ என்றால் ஒரே ஒருவர்தான். கணவன் பெயரை வாயெடுத்துச் சொல்லாத வழக்கத்தினால், அந்தச் சொல் தமக்கே உறுதிப்பத்திரம் முடித்துக் கொடுக்கப்பட்ட ஆதனம் என்று அவர் நம்பியிருந்தார். இன்று அந்த ஆதனத்துக்குள் வேறொருவன் கதிரை போட்டு இருந்துவிட்டான்.

“எவர்?”

“ஸ்ரீதரன். நேர்ஸ் பிரக்ரிஷனர்.”

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அவர்களுடைய குடும்ப டொக்டர் அந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றுவிட்டார். மற்ற டொக்டர்மார் புதிய நோயாளரைச் சேர்க்கவில்லை. வேறு ஆளைத் தேடும் பொறுப்பைத் தியாகலிங்கம் ஏற்று, “பாப்பம்” என்று சொல்லியிருந்தார். ‘பாப்பம்’ என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு பதிலன்று, ஓர் இடம். அங்கே வைக்கப்பட்ட பொருள் எதுவும் திரும்பி வந்ததில்லை. கூரை ஒழுக்கு அங்கேதான் இருந்தது. அவர்களோடு வசித்த, வங்கியில் வேலை செய்த, பாலேஸ்வரியின் தங்கை சுகிர்தாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் காரியமும் அங்கேதான் இருந்தது. ஆகவே பாலேஸ்வரி, அருகிலிருந்த சுகாதார நிலையத்துக்குத் தானே போய் வந்தாள்.

“நேர்ஸ் எண்டால் பொம்பிளையெல்லோ?”

“இவர் ஆம்பிளை. டொக்டரைப் போலை நோயும் பாத்து மருந்தும் எழுதுவினம். இந்த வருசம் தொடக்கந்தான் சட்டம் விட்டிருக்காம்.”

“கிழவனோ?”

“நாப்பது வராது அத்தான்,” என்றாள் சுகிர்தா, கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

தியாகலிங்கம் புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “நாலு வருசமா உப்பைக் குறை, உப்பைக் குறை எண்டு நான் சொல்லுறன்.”

“நீங்கள் சொன்னனீங்கள். அவர் விளங்கப்படுத்தினவர்.”

“எவ்வளவு நேரம் விளங்கப்படுத்தினவர்?”

“முக்கால் மணித்தியாலம் இருக்கும்.”

“உப்பைப் பற்றி முக்கால் மணித்தியாலமோ?”

“உப்பு, சீனி, நித்திரை, மனம்...”

“மனமோ?”

“மனத்திலை ஏதும் குறை கிடக்கோ எண்டு கேட்டவர்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“கனக்கக் கதைச்சனாங்கள்,” என்ற பாலேஸ்வரி கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். போகும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் கடைசியாகப் பாடியது மகன் ராகுலன் தொட்டிலில் கிடந்தபோது. ராகுலன் இப்போது வாட்டர்லூவில் பல்கலைக்கழகம் போகிறான்.

இதற்குப் பொறாமை என்று பெயர். தியாகலிங்கம் அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்தார். ஒரு குடும்பத் தலைவன், தன் மனைவியின் நாடியைப் பிடிக்கிறவன் யார் என்று அறியவேண்டாமா? அவன் உண்மையிலேயே படித்தவனா? பதிவு பெற்றவனா? அன்றிரவே தியாகலிங்கம் உறுதி பூண்டார்: இந்த ஸ்ரீதரனின் குட்டை உடைத்து, அந்த ‘அவரை’ வீட்டை விட்டுக் கிளப்புவது.

அந்தப் பணிக்கு அவரைவிடத் தகுந்தவர் ஸ்காபரோவில் இல்லை. ஊரில் அவர் பதினொரு ஆண்டு கிராம சேவகர். அரசாங்கத் தொழில் வேண்டியவனும், வெளிநாடு போக வேண்டியவனும், ‘இவர் நன்னடத்தையுள்ளவர்’ என்ற கடிதத்துக்கு அவர் வாசலில்தான் நிற்கவேண்டும். அவர் கையெழுத்து வைக்கும்வரை அங்கே ஒருவரும் நல்லவரல்லர். இங்கேயும் எல்லோரும் அவரை ஊர் வழக்கப்படி விதானையார் என்றே அழைத்தார்கள். நகரத்தின் நடுவே ஒரு பெரிய கட்டடத்தின் வாசலிலிருந்து, உள்ளே போகிறவர்களின் அட்டையைப் பார்ப்பது இப்போதைய வேலை. தொழில் பெரிதாக மாறவில்லை. முத்திரைதான் போயிற்று.

மறுநாள் காலை அவர் வேலைத்தலத்திலிருந்து, மாகாணத்தில் தாதியரைப் பதியும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு தாதியின் பதிவு மெய்யானதா என்று எவரும் எடுத்துக் கேட்கலாம் என்று அறிந்தபோது கனடாமீது அவருக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. மறுமுனையிலிருந்த பெண்மணியுடன் ஆங்கிலத்தில் நடந்த உரையாடலின் சாரம் இது.

“பதிவு இருக்கிறது, ஐயா. நடப்பிலும் இருக்கிறது. நோய் கண்டறியவும் குறிப்பிட்ட மருந்துகளை எழுதவும் தகுதி பெற்ற வகுப்பு.”

“நன்றாகத் தேடினீர்களா?”

“என் கண்முன்னே திரையில் நிற்கிறது.”

“இவர்மேல் முறைப்பாடு?”

“இல்லை.”

“சிறிய முறைப்பாடு?”

“அதுவும் இல்லை.”

“நோயாளரை அளவுக்கு மீறி வைத்துக் கதைக்கிறார் என்று ஒருவரும் எழுதவில்லையா?”

“தங்களோடு போதிய நேரம் கதைக்கவில்லை என்றுதான், ஐயா, எங்களுக்கு எழுதுவார்கள். நீங்கள் முறைப்பாடு செய்ய விரும்புகிறீர்களா?”

“இன்னும் இல்லை,” என்று தியாகலிங்கம் தொலைபேசியை வைத்தார்.

குற்றமுள்ளவனை வெறுப்பது எளிது. கடதாசியில் ஒரு கறையும் இல்லாதவனை வெறுப்பதற்கு உடம்பில் வலு வேண்டும். வலுவைச் சேர்த்துக்கொண்டு அவர் வீடு திரும்பியபோது, பாலேஸ்வரி புதிய சப்பாத்து அணிந்து வாசலில் நின்றாள்.

“எங்கை வெளிக்கிட்டனீர்?”

“நடக்க. அவர் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னவர்.”

“போன கோடையிலை நான் கூப்பிடேக்கை முழங்கால் நோ எண்டனீர்.”

“நீங்கள் கூப்பிட்டது கடைக்கு. சாமான் தூக்க.”

கதவு சாத்தப்பட்டது. கடதாசி சொல்லாததை மனிதர் சொல்வர் என்று தியாகலிங்கம் தெளிந்தார். இனி நம்மவர் முறைப்படிதான் விசாரிக்க வேண்டும்.

சனிக்கிழமை வெக்ஸ்போர்ட்டில் சண்முகலிங்கத்தின் பலசரக்குக் கடைக்குப் போனார். அங்கே அரிசி வாங்கப் போகிறவரும் செய்தியோடுதான் திரும்புவர்.

“வாருங்கோ விதானையார். முருங்கைக்காய் வந்திருக்கு.”

“அது கிடக்கட்டும். மல்வேர்ன் சுகாதார நிலையத்திலை ஸ்ரீதரன் எண்டு ஒராளாம். தெரியுமோ?”

“தெரியாமல் என்ன. எங்கடை வாடிக்கை.”

தியாகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். “ஆள் எப்பிடி?”

சண்முகலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம் குரலை அதைவிடத் தாழ்த்தினார். “ஓ. உந்த விசயமோ. கேளுங்கோ.”

“எந்த ஊர்?”

“உடுப்பிட்டிப் பக்கம்.”

“தேப்பன்?”

“தபாலதிபரா இருந்தவர். தவறிட்டார். தாய் இவரோடைதான்.”

“கூடப்பிறந்தது?”

“ரெண்டு தங்கச்சி. ரெண்டு பேரையும் வடிவாக் கட்டிக் குடுத்திட்டார்.”

“தான் கட்டேல்லையோ?”

“இன்னும் இல்லை.”

அது தியாகலிங்கத்தின் நெஞ்சில் அம்மிக்குழவியாய் விழுந்தது. “ஏன் கட்டேல்லை? எங்கையும் தொடுப்புக் கிடுப்பு?”

“சீச்சீ. ஒரு வருசம் படிப்பு, ஒரு வருசம் தங்கச்சி எண்டு மாறி மாறிப் போட்டுது.”

“குடி?”

“சோடா வாங்கினாலும் சீனி இல்லாததுதான் வாங்குவார்.”

“நான் சும்மா கேக்கிறன் எண்டு நினையாதையும். ரெலிபோன் எடுத்து அவையின்ரை கந்தோர் வரைக்கும் விசாரிச்சிட்டன். கடதாசி எல்லாம் சரி. இனி ஆளைத்தான் பாக்கவேணும்.”

சண்முகலிங்கத்தின் கண்கள் விரிந்தன. “கந்தோருக்கே எடுத்தனீங்களோ? உங்கடை நிலையிலை இருக்கிற ஆம்பிளை இப்பிடித்தான் விசாரிக்க வேணும், அண்ணை. கனபேர் கண்ணை மூடிக்கொண்டு இருந்திட்டுப் பிறகு அழுகினம்.”

இவர் வீட்டிலும் இதே துயரம் நடந்திருக்கிறது என்று எண்ணித் தியாகலிங்கம் அவருக்காக இரங்கினார்.

“ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இது வெளியிலை போகாது,” என்றார் சண்முகலிங்கம். கடையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை, வேலைத்தலத்தில் தபால் பிரிவிலிருந்த றோஸ்மேரியைப் பிடித்தார். மன்னார்ப் பெண்மணி. ஸ்ரீதரன் இருந்த மாடிக் கட்டடத்தில், அதே தளத்தில் குடியிருப்பவர்.

“அந்தத் தம்பியோ? சனிக்கிழமையிலை உடுப்புத் தோய்க்கிற அறையிலை நிப்பார். தாயின்ரை சீலையெல்லாம் அவர்தான் மடிக்கிறது.”

“சீலை மடிப்பாரோ?”

“கரைக்குக் கரை பிடிச்சு மடிப்பார். சமையலும் அவர்தான். கணவாய்க் கறி வைச்சாரெண்டால் எங்கடை கதவடி மட்டும் மணக்கும்.”

“கோவக்காரனாமே,” என்று தியாகலிங்கம் ஒரு பொய்யைத் தூண்டிலாய்ப் போட்டுப் பார்த்தார்.

“ஆர் சொன்னது? ஒருநாள் லிஃப்ற் இறுகி எல்லாரும் உள்ளுக்கை நிண்டு கத்துகினம். அவர் ஆறுதலா எனக்கு முழங்கால் நோவுக்கு என்ன பயிற்சி செய்யலாம் எண்டு காட்டிக்கொண்டு நிண்டவர்.” றோஸ்மேரி தபால் வண்டியில் கையை ஊன்றினாள். “விதானையார், உப்பிடி ஊரெல்லாம் கேக்கிறதிலும் பாக்க ஒருக்கால் நேரை போய்ப் பாருங்கோவன். தாய் மனுசியும் சந்தோசப்படும்.”

“தாய் ஏன் சந்தோசப்பட வேணும்?”

றோஸ்மேரி சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். தியாகலிங்கம் அன்று பிற்பகல் முழுவதும் எவருடைய அட்டையையும் பார்க்கவில்லை. யார் யாரோ உள்ளே போனார்கள். அவருடைய கண்முன்னே ஒருவன் சீலை மடித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை, இல்லாத முதுகு நோவொன்றை எடுத்துக்கொண்டு அவர் நேரிலேயே போனார். பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒருவர் விரைந்து எழுந்து வந்தார். நடுத்தர உயரம். முன்தலையில் மயிர் சற்று உதிர்ந்திருந்தது. தியாகலிங்கத்துக்கு அதிலே ஓர் ஆறுதல். தம் தலையை அவர் அக்கணம் நினைக்கவில்லை.

“வாருங்கோ, வாருங்கோ அண்ணை. இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், இது நல்லது.”

தியாகலிங்கம் இருக்கவில்லை. சுவரில் தொங்கிய சான்றிதழ்களை மூக்கு முட்ட நின்று வாசித்தார். எல்லாம் முடிந்தபின், தீப்பிடித்தால் எந்த வழியால் ஓடவேண்டும் என்ற அறிவித்தலையும் ஐயத்தோடு வாசித்தார். பிறகு இருந்தார். ஸ்ரீதரன் அவர் புயத்தில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, மானியைப் பார்த்தார்.

“பிரஷர் கொஞ்சம் கூடவாக் கிடக்கு. மனத்திலை ஏதும் யோசனையோ அண்ணை?”

“என்ரை மனத்தை விடும். உமக்கு ஏன் கலியாணம் இல்லை?”

ஸ்ரீதரனின் காது சிவந்தது. “தங்கச்சிமாற்றை அலுவல், பேந்து படிப்பு. இனித்தான்.”

“இனி என்ன நோக்கம்?”

“இனி உங்களைப் போலை பெரியாக்கள் சொல்லுறதுதான்.”

“நான் சொல்லுறதோ?”

“நீங்கள் சொல்லாமல் வேறை ஆர் அண்ணை சொல்லுறது?”

இந்தப் பணிவில் ஏதோ சதி இருக்கிறது என்று தியாகலிங்கம் கண்டுகொண்டார். நேரே விஷயத்துக்கு வந்தார். “என்ரை மனுசியோடை முக்கால் மணித்தியாலம் என்ன கதைச்சனீர்?”

“அதைச் சொல்லேலாது அண்ணை. இந்த அறைக்குள்ளை கதைக்கிறதை வெளியிலை விட்டால் என்ரை பதிவு போயிடும்.” அவர் மெய்யாகவே வருந்தினார். “ஒண்டு சொல்லுவன். அக்கா தங்கமான மனுசி.”

தங்கம் என்ற சொல் அறையின் நடுவே தொங்கி நின்றது. இருபத்திரண்டு ஆண்டில் அந்தச் சொல் தம் வாயிலிருந்து ஒருமுறையும் புறப்படவில்லை என்பது தியாகலிங்கத்துக்கு உறைத்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. தாம் சொல்லாததைவிட அவன் சொன்னது பிடிக்கவில்லை. அக்கா என்று வேறு சொல்லுகிறான். அக்கா என்று அழைக்கிறவனைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

“மருந்து வேண்டாம் அண்ணை. உப்பைக் குறையுங்கோ. அரை மணித்தியாலம் நடவுங்கோ. ஒரு மாதத்தாலை திரும்பப் பாப்பம்.”

அவனும் ‘பாப்பம்’ என்றான். ஆனால் உடனே திகதியைக் குறித்துக் கையில் கொடுத்தான். தியாகலிங்கம் வீடுவரையும் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை. வாசலில் இருந்தபடியே ஓர் உரை தயாரித்தார். ‘இஞ்சரும், இனி நீர் அந்த நிலையத்துக்குப் போகக்கூடாது. அவர் இவர் எண்ட கதை இந்த வீட்டிலை இனி இல்லை.’ பஸ்ஸில் அதை நான்கு முறை மனத்துக்குள் பேசிப் பார்த்தார். நான்காம் முறை கை தன்னையறியாமல் உயர்ந்ததால் பக்கத்து ஆசனத்துப் பெண் எழுந்து வேறிடத்துக்குப் போனாள்.

வீட்டுக் கதவைத் திறந்தார். நிலைப்படியில் அறியாத சப்பாத்துகள். கூடத்தில் வாழைப்பழச் சீப்பும் வெற்றிலைத் தட்டும். நீள்கதிரையின் நடுவில், பட்டுடுத்த ஒரு முதிய அம்மா. அவருக்கு வலப்பக்கம் பலசரக்குச் சண்முகலிங்கம். இடப்பக்கம், கழுத்துப் பட்டி கட்டிய ஸ்ரீதரன். எதிரே பச்சைச் சீலையில் சுகிர்தா. அவள் முகத்தில் இப்படியொரு சிரிப்பைத் தியாகலிங்கம் கண்டதேயில்லை.

“வாருங்கோ விதானையார்,” என்றார் அந்த அம்மா. “நான் இவற்றை தாய். இந்த நாட்டிலை இப்ப ஆர் ஒழுங்கா விசாரிக்கினம்? போட்டோவைப் பாத்திட்டு ஓம் எண்டுவினம். நீங்கள் கந்தோர் மட்டும் எடுத்து விசாரிச்சியளாம். பொம்பிளைப் பிள்ளையிலை இவ்வளவு அக்கறை உள்ள வீடு வேறை எங்கை கிடைக்கும்? அதுதான் நாங்களே வந்திட்டம்.”

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை,” என்றார் சண்முகலிங்கம் பெருமையோடு.

தியாகலிங்கம் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று சொல்லிக் குசினிக்குள் போனார். பாலேஸ்வரி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“உதென்ன கூத்து?”

“மெல்ல. கேக்கும்.”

“நான் எப்பவப்பா மாப்பிளை விசாரிச்சனான்?”

“ஊர், தாய் தேப்பன், கூடப்பிறந்தது, குடி, தொடுப்பு. உதெல்லாம் கேட்டிட்டு வேறை என்னத்துக்கு எண்டு சொல்லப் போறியள்?” அவள் தேநீரை உயர்த்தி ஊற்றினாள். “ஆறு வருசமா உங்களைக் கெஞ்சினனான், அவளுக்கு ஒரு இடம் பாருங்கோ எண்டு. ஒராளின்ரை சாதகத்தைக் காருக்குள்ளை வைச்சு மறந்தியள். ஞாபகம் வரேக்கை அவருக்கு ரெண்டு பிள்ளை.”

“இதை நேரை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் என்ன சொல்லியிருப்பியள்?”

தியாகலிங்கம் நேர்மையாக யோசித்தார். “பாப்பம் எண்டு.”

“அதுதான்.”

“அப்ப உமக்குப் பிரஷர்?”

“துப்பரவா இல்லை.”

“முக்கால் மணித்தியாலம்?”

“அஞ்சு நிமிசம் அவர் என்னைப் பாத்தவர். மிச்ச நேரம் நான் அவரைப் பாத்தனான்.”

“சுகிர்தாவுக்கு இது...”

“அவளின்ரை வங்கியிலை எல்லாருக்கும் தடுப்பூசி போட வந்தவர். அவள்தான் கண்டு வந்து எனக்குச் சொன்னது. நான் போய்ப் பாத்தன், எனக்கும் பிடிச்சுது. ஆனால் ஆம்பிளை ஒராள் வடிவா விசாரிக்க வேணுமெல்லே. உங்களைப் போலை விசாரிக்க இந்த ரொறன்ரோவிலை ஆளில்லை. கதிரையாலை எழுப்பிறதுதான் பாடு. பிரியத்திலை எழும்பமாட்டியள். எரிச்சலிலை எழும்புவியள்.”

தியாகலிங்கம் கடைசி அம்பை எடுத்தார். “எனக்கு இதிலை விருப்பமில்லை எண்டால்?”

“போய்ச் சொல்லுங்கோ. காரணம் கேப்பினம். விசாரிச்சது நீங்கள்தானே. என்ன குறை கண்டனீங்களோ அதைச் சொல்லுங்கோ.”

அவர் தேடினார். பதிவு உண்டு. முறைப்பாடு இல்லை. குடியில்லை, தொடுப்பில்லை, கோபமில்லை. சீலை மடிப்பான் என்பதை எவரிடமும் குற்றமாகச் சொல்ல முடியாது. அவன்மேல் இருந்த ஒரே குற்றம், தம் மனைவி அவனைப் புகழ்ந்தாள் என்பதே. அவள் புகழ்ந்தது தம்மை எழுப்பத்தான் என்று தெரிந்தபின் அதுவும் கையை விட்டுப் போயிற்று. பொறாமை மட்டும் போகவில்லை. இனி அதை உறவு முறையோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்: அவன் சகலன். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவான். கணவாயும் கொண்டுவருவான்.

தியாகலிங்கம் கூடத்துக்குப் போனார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். சுகிர்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டபோது அவருக்கு முதன்முறையாக, இது தம்முடைய காரியம் அல்ல என்று தோன்றியது.

“விசாரிச்சவரையிலை நல்ல பிள்ளை,” என்றார். “குறை சொல்ல ஒண்டும் இல்லை.”

தாயாருக்குக் காது சற்று மந்தம். “என்ன சொன்னனீங்கள், விதானையார்?” என்று கேட்டார். ஆகவே அதை அவர் இன்னொருமுறை, உரத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

கலியாணம் 1999 ஆவணியில் நடந்தது. தாலிக்கும் கூறைக்கும் ஸ்ரீதரன் சித்திரையிலேயே காசு கொடுத்துவிட்டார். சாப்பாட்டுச் செலவைச் சுகிர்தா தன் சம்பளத்திலிருந்து ஆடியில் கட்டினாள். மண்டபத்துக்குப் பாதி தருவதாக ஸ்ரீதரன் காசோலையும் எழுதிக்கொண்டு தைமாதம் வீட்டுக்கு வந்தார். பாலேஸ்வரி அதை வாங்கவில்லை. “வேண்டாம் தம்பி. இவர் தானாப் போய் விசாரிச்சு எடுத்த சம்பந்தமெல்லே. மண்டபக் காசு முழுக்கத் தான்தான் கட்டுவன் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறார்,” என்றாள். தியாகலிங்கம் அப்போது கதிரையில் இருந்தார். முற்பணத்தை மாசியிலும், மிகுதியை வைகாசியிலும் அவரே கட்டினார்.